துணையை இழந்தபின் தனியே ஒரு கப்பல் பயணம்... புக் செய்யும்முன் கவனிக்க!

இருவராகப் போக நினைத்த கப்பல் சுற்றுலாவுக்கு இப்போது ஒருவர் மட்டும் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால், கட்டணத்தைக் கவனியுங்கள்.

சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் வரும் கட்டணம் பெரும்பாலும், ஓர் அறையில் இருவர் தங்கினால் தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு. தனியாகப் போனால் 'சிங்கிள் சப்ளிமென்ட்' சேரும். சில நேரம் இருவர் கட்டணத்தையும் ஒருவரே கட்ட வேண்டிவரும். இல்லாதவருக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதுபோல மனசு வலிக்கும்.

இதற்கு மாற்று உண்டு. 2010-ல் அறிமுகமான 'நார்வேஜியன் எபிக்' கப்பலில், தனியாக வருபவர்களுக்கென்றே 128 சிறிய அறைகள் அமைக்கப்பட்டன. பிறகு வேறு சில கப்பல்களிலும் இந்த வசதி வந்தது. இத்தகைய அறைகள் குறைவு என்பதால் முன்கூட்டியே விசாரியுங்கள்.

முதல்முறைக்கு இரண்டு, மூன்று இரவுப் பயணம் போதும். தனிமை அதிகம் உறுத்துவது சாப்பாட்டு வேளையில்தான். பலர் சேர்ந்து அமரும் மேஜையைக் கேட்டு வாங்குங்கள்!