வெள்ளத்தில் மூழ்கிய வண்டி: ஒரே ஒரு "கிக்", எஞ்சின் காலி!

சென்னை:-

மழை விட்டது. தெருவில் தண்ணீர் வடிந்தது. ராத்திரி முழுக்க சீட்டு வரை மூழ்கிக் கிடந்த மொபெட், சேறும் சகதியுமாக வெளியே தெரிகிறது.

வண்டிக்காரர் ஓடி வருகிறார். துணியால் துடைக்கிறார். சாவியைப் போடுகிறார். "ஒரு மிதி மிதிச்சுத்தான் பார்ப்போமே" என்று கிக்கரில் காலை வைக்கிறார்.

அங்கேதான் வினை!

வெள்ளம் பாதி கெடுத்தால், அந்த ஒரு மிதி மீதியைக் கெடுத்துவிடுகிறது. சில நூறு ரூபாயில் ஆயில் மாற்றி ஓட்டியிருக்க வேண்டிய வண்டி, எஞ்சினைப் பிரித்துப் போட்டு ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல் மழையிலும் சென்னையில் இந்தக் கூத்துதான் நடந்தது. தண்ணீர் வடிந்த மறுநாளே மெக்கானிக் கடைகளின் வாசலில் இரு சக்கர வண்டிகள் குவிந்தன. தள்ளிக்கொண்டு வந்தவர்களில் பலர் வீட்டிலேயே பத்து இருபது தடவை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

சின்ன வண்டி வைத்திருப்பவர்கள் யார்? பால் பாக்கெட் போடுகிறவர், தண்ணீர் கேன் தூக்குகிறவர், கோயம்பேட்டில் பூ எடுத்து வந்து விற்கிறவர், காசிமேட்டில் மீன் ஏற்றுகிறவர். வண்டி ஒரு வாரம் படுத்தால் இவர்கள் வீட்டு அடுப்பும் படுத்துவிடும்.

பாலம் எதற்கு? திண்ணை போதும்!

கார்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதை ஊரே பார்த்தது.

மொபெட்டுக்குப் பாலம் வேண்டியதில்லை. ஓசூரில் 1980-ல் பிறந்த டி.வி.எஸ். 50 முதல், அதன் வாரிசான எக்ஸ்.எல். 100 வரை இந்த ஜாதி வண்டிகளுக்கு எடை குறைவு. எக்ஸ்.எல். 100-ன் எடையே 90 கிலோவுக்குள்தான். இரண்டு பேர் கை கொடுத்தால் திண்ணையில் ஏறிவிடும். படியில் ஒரு பலகையைச் சாய்த்தால் கூடத்துக்குள்ளேயே வந்துவிடும். வீட்டுக்காரி முகம் சுளிக்கலாம். ஒரு ராத்திரிதானே!

ஏற்ற இடம் இல்லையா? சென்டர் ஸ்டாண்டு போட்டு, தூணோடு சங்கிலியால் கட்ட வேண்டும். வேகமாக வரும் தண்ணீர் சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பெட்ரோல் குழாயை மூடி, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். சைலன்சர் வாயையும், ஏர் பில்டர் காற்று இழுக்கும் வாயையும் பாலிதீன் பையால் இறுக்கிக் கட்ட வேண்டும். முழுக்கத் தடுக்காது. ஆனாலும் சேறு உள்ளே போவது பெரும் அளவு குறையும்.

உள்ளே என்ன நடக்கிறது?

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அமுக்குகிறது. காற்று அமுங்கும். தண்ணீர் அமுங்காது.

போருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் வேகமாக மேலே வந்து மோதினால், அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். செல்ப் ஸ்டார்ட் பித்தானை அமுக்குகிறவர்களுக்கும், முழங்கால் தண்ணீரில் முறுக்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

ராடு தப்பினாலும் ஆயில் தப்பாது. ஆயிலோடு தண்ணீர் கலந்தால் பால் ஊற்றிய டீ மாதிரி ஆகிவிடும். அதை வைத்து எஞ்சினை ஓட்டினால் பேரிங், கிராங்க் எல்லாம் வழுவழுப்பு இல்லாமல் உரசித் தேயும். கிராங்க் போனால் அப்புறம் புதுப்பேட்டைக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான்.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் பழைய 2 ஸ்டிரோக் வண்டிகள் இன்னும் மோசம். அவற்றில் கிராங்க் பேரிங்குக்கு வேறு ஆயிலே கிடையாது. பெட்ரோலோடு வருவதுதான். உள்ளே தண்ணீர் நின்றால் சில நாட்களிலேயே துரு பிடித்துவிடும். "காயட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விடுவது இந்த வண்டிகளுக்கு ஆகாது. அன்றைக்கே பிரிக்க வேண்டும்.

சாவியைத் தொடாதீர்கள்

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

முதலில் சாவியைப் போடக் கூடாது. பேட்டரி இருந்தால் அதன் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் சேற்றை அலச வேண்டும். நனைந்த வண்டியை இன்னும் நனைப்பதா என்று கேட்கலாம். தெருவில் ஓடியது வெறும் மழைத் தண்ணீர் அல்ல, சாக்கடையும் சேர்ந்தது. அது காய்ந்து ஒட்டினால் இரும்பை அரிக்கும்.

அடுத்து ஏர் பில்டர். காகித பில்டர் என்றால் நனைந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். ஸ்பாஞ்சு என்றால் சோப்புத் தண்ணீரில் கசக்கிக் காயவைத்து, சில சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம்.

பிளக்கைக் கழற்ற வேண்டும். பிளக் இல்லாத நிலையில், சாவியையும் போடாமல், கையாலோ காலாலோ கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். பெட்ரோலும் சேர்ந்து வரும் என்பதால் பீடி, சிகரெட் பக்கத்திலேயே கூடாது.

4 ஸ்டிரோக் வண்டி என்றால் கீழே உள்ள நட்டைத் திறந்து ஆயிலை முழுக்க வடிக்க வேண்டும். பால் டீ நிறத்தில் வந்தால் ஒரு தடவை மாற்றினால் போதாது. புது ஆயில் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, அதையும் வடிக்க வேண்டும். வெள்ளை தெரிகிற வரை திரும்பத் திரும்ப இதே வேலைதான். 100 சி.சி. வண்டிக்கு ஒரு தடவைக்கு ஆகும் ஆயில் சுமார் ஒரு லிட்டர். "மூணு லிட்டர் ஆயிலா?" என்று வாயைப் பிளப்பவர்கள் கிராங்க் விலையை ஒரு தடவை விசாரிப்பது நல்லது.

பெட்ரோல் டாங்கையும் விடக் கூடாது. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரோடு சேரும் குணம் கொண்டது. டாங்கில் தண்ணீர் புகுந்தால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியில்தான் இருக்கிறது! டாங்கு, கார்புரேட்டர் இரண்டையும் வடித்துவிட்டுப் புது பெட்ரோல் போடுவதே வழி.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பியூயல் இஞ்செக்ஷன்தான். சாவியைத் திருப்பினாலே டாங்குக்குள் இருக்கும் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். இவற்றில் வீட்டு வைத்தியம் வேண்டாம். தள்ளிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விடுவதே மேல்.

இன்சூரன்ஸ் விஷயம் ஒன்று. "தேர்டு பார்ட்டி" மட்டும் கட்டியவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்குக் காசு வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துக் கட்டியவர்கள் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துத் தகவல் சொல்லிவிட வேண்டும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனது என்று தெரிந்தால், அந்தப் பணத்தைத் தர மறுப்பதும் உண்டு.

காசிமேட்டு உப்பு

வெள்ளம் வருஷத்தில் ஒரு தடவை. உப்பு தினமும்!

காசிமேட்டில் இருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். கூடையில் இருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக செயினிலும் ரிம்மிலும் விழுகிறது. அது மீனும் உப்பும் கலந்த தண்ணீர். எஞ்சின் புதுசு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் பிரேம் பொத்தலாகிவிடும். திருவொற்றியூர், எண்ணூர், பட்டினப்பாக்கம் பக்கம் கடற்கரையோரம் நிறுத்தும் வண்டிகளுக்கும் உப்புக் காற்றால் இதே கதிதான்.

இதற்கு மருந்து ஒரு வாளி நல்ல தண்ணீர். வியாபாரம் முடிந்த கையோடு, உப்பு காய்வதற்குள் அடிப்பக்கத்தில் ஊற்றிவிட வேண்டும். கூடைக்கு அடியில் ஒரு தகரத் தட்டோ பிளாஸ்டிக் ஷீட்டோ வைத்துத் தண்ணீரைப் பின்பக்கம் விழ விட்டால் இன்னும் நல்லது.

வாட்டர் சர்வீஸ் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பம்ப் தண்ணீரை சக்கரத்தின் நடுவிலோ ஹேண்டில்பார் கழுத்திலோ நேராக அடித்தால் பேரிங்கில் உள்ள கிரீஸ் போய்விடும். பளபளப்பு மட்டும் வரும், ஆறு மாதத்தில் சக்கரம் ஆடும். துணி துவைக்கும் பவுடரும் வேண்டாம். பெயிண்ட் மங்கும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

கழுவி முடித்த கையோடு வேகமாகக் கிளம்புவது ஆபத்து. டிரம்முக்குள் தண்ணீர் இருந்தால் பிரேக் பிடிக்காது. முதல் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடி மெல்லப் போனால் ஷூ காய்ந்துவிடும்.

விரல் போகும்!

செயின் துடைப்பதில்தான் பெரிய விபரீதம் நடக்கிறது.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடிப்பது சிலருக்குப் பழக்கம். சுலபமாகத்தான் இருக்கும். துணியின் ஒரு நூல் மாட்டினால் போதும். துணியோடு விரலும் ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விடும். கையை இழுக்க நேரமே இருக்காது. விரல் துண்டாகி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் உண்டு.

எஞ்சின் ஓடவே கூடாது. சாவியை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பழைய டூத் பிரஷ்ஷில் கிருஷ்ணாயிலைத் தொட்டுத் தேய்த்தால் அழுக்கு போகும். ரேஷனில் கிருஷ்ணாயில் முன்போல் கிடைப்பதில்லை என்பதால் டீசலில் துடைப்பவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் மட்டும் வேண்டாம். துடைத்துக் காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலைக் கொஞ்சமாக விட்டால் போதும். வடித்த பழைய எஞ்சின் ஆயிலை விட்டால் மண்ணைப் பிடித்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு

ஓட்டினால்தான் வண்டி கெடும் என்று நினைப்பவர்கள் 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்த பிறகு நடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். வாரக்கணக்கில் சும்மா நின்ற வண்டிகள், வெளியே எடுத்தபோது பேட்டரி இறங்கி, கார்புரேட்டர் அடைத்து, ஸ்டார்ட் ஆகாமல் அழ வைத்தன.

ஒரு மாதம் ஊருக்குப் போவதாக இருந்தால் வண்டியைக் கழுவிக் காயவைத்து, டாங்கை நிரப்பி வைக்கலாம். காலி இடம் இருந்தால் ஈரக் காற்று புகுந்து டாங்கு துரு பிடிக்கும். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் குழாயை மூடி, தானாக அணைகிற வரை ஓடவிட வேண்டும். மூன்று நான்கு மாதம் ஆகும் என்றால் டாங்கை வடித்துவிடுவது மேல். வடித்த பெட்ரோலை கேனில் ஊற்றிச் சமையல் அறைப் பக்கம் வைத்துவிட்டுப் போகாதீர்கள்!

பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட வேண்டும். மேலே பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே நின்று துரு பிடிக்கும். பழைய பருத்தி வேட்டி அதைவிட எவ்வளவோ மேல்.

"பையனை விட்டு வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஓடவிடச் சொல்லியிருக்கேன்" என்பவர்கள் உண்டு. அது உதவியே அல்ல. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடாகாவிட்டால் அது உள்ளேயே தண்ணீராகத் தங்கும். பையனிடம் லைசென்ஸ் இருந்தால் 20 நிமிடம் ஒரு சுற்று ஓட்டி வரச் சொல்லலாம். இல்லாவிட்டால் சும்மா விடுவதே நல்லது.

எலித் தொல்லை உள்ள வீடுகளில் ஒயர் தப்பாது. ஏர் பில்டர் டப்பாவுக்குள் கூடு கட்டுவதும் உண்டு. சைலன்சர் வாயில் துணி அடைத்து வைத்தால் பூச்சியும் எலியும் அண்டாது. அடைத்தவர்கள் ஞாபகத்துக்காகச் சாவியில் ஒரு நூல் கட்டி வைத்துக்கொள்வது அவசியம்.

நூல் கட்டாதவர்கள் ஊரில் இருந்து வந்து, துணியை மறந்து, வேர்க்க விறுவிறுக்க உதைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, எஞ்சின் போயிடுச்சு போல" என்று மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். அவர் குனிந்து துணியை உருவிக் கையில் கொடுப்பார். கூலி வாங்க மாட்டார். கடைப் பையன்கள் மட்டும் சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருப்பார்கள்.