நோ டிப்ரெசன் (இசைத்தொகுப்பு)

நோ டிப்ரெசன் என்பது ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அங்கிள் டுபெலோ இசைக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு ஆகும். இது 1990 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ராக்வில் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. மாற்று கன்ட்ரி எனப்படும் இசை வகையின் முன்னோடிப் படைப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது. இத்தொகுப்பு 2003 இலும் 2014 இலும் மீள்வெளியீடு செய்யப்பட்டது.

பின்னணி

அங்கிள் டுபெலோ 1987 இல் இலினொய் மாநிலத்தின் பெல்வில் நகரில் தொடங்கப்பட்டது. ஜே ஃபரார், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடோர்ன் ஆகிய மூவரும் இதன் உறுப்பினர்கள். பங்க் ராக் இசையின் வேகத்தையும் ஓசையையும் அமெரிக்கச் சிற்றூர்களின் பழைய கன்ட்ரி இசையுடன் இவர்கள் இணைத்தனர். இவ்விணைப்பே பின்னர் மாற்று கன்ட்ரி எனப் பெயர் பெற்றது. தொழிற்சாலை வேலை, சிற்றூர் வாழ்வின் சலிப்பு, குடி ஆகியன இவர்களது பாடல்களின் முக்கியக் கருப்பொருள்கள்.

ஒலிப்பதிவு

1990 சனவரியில் மாசச்சூசெட்சு மாநிலத்தின் பாஸ்டன் நகரிலுள்ள ஃபோர்ட் அப்பாச்சி ஒலிப்பதிவுக் கூடத்தில் இத்தொகுப்பு பதிவு செய்யப்பட்டது. ஷான் ஸ்லேட், பால் கோல்டெரி ஆகியோர் தயாரித்தனர். பத்து நாட்களில், ஏறத்தாழ 3,500 டாலர் செலவில் பணி முடிந்தது. இதில் 13 பாடல்கள் உள்ளன. தலைப்புப் பாடல் கார்ட்டர் குடும்பம் என்னும் குழு 1936 இல், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், பதிவு செய்த பாடலின் மறுஆக்கம் ஆகும்.

உரிமை வழக்கு

ஓர் இசைப்பதிவில் இருவகை உரிமைகள் உண்டு. ஒன்று, பாடலை இயற்றியவருக்கு உரிய பதிப்புரிமை. மற்றொன்று, அப்பாடலின் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கான உரிமை. மூல ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் ஒப்பந்தப்படி வெளியீட்டு நிறுவனத்திடம் இருக்கும். எனவே ஒரு கலைஞர் தம் பாடலை மேடையில் பாட முடிந்தாலும், தம் பழைய ஒலிப்பதிவைத் தாமே மீள வெளியிட இயலாது.

அங்கிள் டுபெலோ 1994 இல் கலைந்தது. அதன்பின் ஃபரார் சன் வோல்ட் குழுவையும், ட்வீடி வில்கோ குழுவையும் நடத்தினர். கலைந்த பிறகே குழுவின் புகழ் வளர்ந்தது. 1995 இல் தொடங்கப்பட்ட, மாற்று கன்ட்ரி இசைக்கான இதழ் ஒன்றும் நோ டிப்ரெசன் என்றே பெயர் சூட்டிக்கொண்டது. எனினும் ராக்வில் வெளியிட்ட முதல் மூன்று தொகுப்புகளுக்கும் தமக்கு உரிமத்தொகை வழங்கப்படவில்லை எனக் கூறி, 2000 இல் ஃபரார், ட்வீடி, ஹைடோர்ன் மூவரும் இணைந்து வழக்குத் தொடர்ந்தனர். வழக்கின் முடிவில் இழப்பீட்டுடன் அம்மூன்று தொகுப்புகளின் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தது. உழைப்பாளரைப் பற்றிப் பாடிய குழு, தன் சொந்த உழைப்பின் பயனைப் பெற ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மீள்வெளியீடுகள்

உரிமை கைக்கு வந்தபின், 2002 இல் குழுவின் தேர்ந்தெடுத்த பாடல்கள் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. 2003 இல் கொலம்பியா, லெகசி ஆகிய முத்திரைகளின் வழியே முதல் மூன்று தொகுப்புகளும் மீள வெளியிடப்பட்டன. மீள்வெளியீட்டின்போது பழைய மூல ஒலிப்பதிவின் ஒலியளவும் தெளிவும் புதிதாகச் சீர்செய்யப்படுவது வழக்கம், பாடியவிதம் மாறாது. இப்பதிப்பில் முதற்பதிப்பில் இடம்பெறாத சில பாடல்களும் சேர்க்கப்பட்டன.

2014 சனவரியில் இரண்டு இறுவட்டுகள் கொண்ட விரிவான பதிப்பு வெளியானது. குழு 1989 இல், வெளியீட்டு ஒப்பந்தம் கிடைப்பதற்கு முன்னர் உருவாக்கிய மாதிரி ஒலிநாடாவின் பாடல்கள் இதில் இடம்பெற்றன. இப்பாடல்களுள் பல பின்னர் முதல் தொகுப்பில் மீண்டும் பதிவு செய்யப்பட்டவை. ஆகவே ஒரே பாடல் மாதிரி வடிவிலிருந்து இறுதி வடிவத்தை எவ்வாறு அடைந்தது என்பதை ஒப்பிட்டுக் கேட்க இப்பதிப்பு உதவுகின்றது.