தகட்டில் துளையிடும் பொறியும் அதனருகே நிற்கும் தொழிலாளியும்

தோட்டத்து ஸ்டோரில் பொருத்தியிருக்கும் மின்சாரப் பெட்டியைச் சற்று உற்று நோக்குங்கள். கம்பி நுழைவதற்கு வட்டத் துளைகள், விசைகள் பொருந்துவதற்குச் சதுரத் துளைகள், உள்ளிருக்கும் வெப்பம் வெளியேற மீன் செதிள்போல் தூக்கி நிற்கும் பிளவுகள். இவை அனைத்தும் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றில் இடப்பட்டு, பின்னர் அத்தகடு மடிக்கப்பட்டுப் பெட்டியாகியிருக்கின்றது. இவ்வாறான வேலையை இன்று பெரும்பாலும் செய்வது சி.என்.சி. டரட் பஞ்ச் எனப்படும் பொறியாகும்.

நம் வாசகர்களுக்கும் இப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இன்று கடைகளும் வீடுகளும் நிறைந்து விளங்கும் மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பாசீர் கூடாங் துறைமுகம் 1977ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பின் அவ்வட்டாரம் தொழிற்பேட்டையாக வளர்ந்தது. லார்கின், தம்போய், தெப்ராவ், செனாய் ஆகிய இடங்களிலும் அவ்வாறே. ஜொகூர் பாருவைச் சூழ்ந்த இத்தொழிற்பேட்டைகளுக்கு வேலை தேடிச் செல்வோரில் தோட்டத்துப் பிள்ளைகளும் உள்ளனர். அவர்கள் தகட்டு வேலைப் பட்டறையில் சேர்ந்தால், தகடு தூக்குபவராகவே காலங்கழிப்பதா, பொறியை ஆளும் திறனாளராக உயர்வதா என்பது, பொறியைப் பற்றி அவர்கள் எவ்வளவு அறிந்துகொள்கிறார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கின்றது.

முற்காலத்தில் தகட்டில் கோடு கீறி, மையம் குறித்து, ஒவ்வொரு துளையாக இட்டனர். பின்னர் வந்த அழுத்துப் பொறியில் தொழிலாளி கையால் தகட்டை வைத்துக் காலால் மிதியை அழுத்துவார். மேலிருந்து இறங்கும் உளி தகட்டைத் துளைக்கும். கை தாமதித்தால் விரலையும் துளைக்கும். ஸ்டோரில் உருளைப் பொறிக்கு ரப்பர் ஷீட் கொடுத்தவர்களுக்கு இவ்வாபத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

மாற்றத்திற்கு வித்திட்டவர்களுள் ஒருவர் அமெரிக்கரான ஜான் பார்சன்ஸ். ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான பாகங்களைச் செய்துவந்த அவர், கருவியின் ஒவ்வோர் அசைவையும் எண்களால் குறித்து இயந்திரத்திற்கு அளிக்கலாம் எனக் கருதினார். 1952ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் அம்முறையில் இயங்கும் மில்லிங் இயந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினர். அந்நாளில் எண்கள் காகித நாடாவில் துளைகளாகப் பதிக்கப்பட்டன. தகட்டில் துளையிடும் பொறிக்கும் பின்னாளில் கட்டளை தந்தது காகிதத்தில் இட்ட துளையே என்பது வேடிக்கைதான். சிறு கணினிகள் மலிந்த பின்னர் நாடா மறைந்து, கணினியே கட்டளையிடலாயிற்று. சி.என்.சி. என்பதன் பொருள் இதுவே.

டரட் என்பது சுழலும் வட்டத் தட்டு. மேலும் கீழுமாக இரு தட்டுகள் ஒன்றுக்கொன்று நேராக அமைந்திருக்கும். மேல் தட்டில் பஞ்ச் எனும் துளைக்கும் உளிகளும், கீழ்த் தட்டில் அவை நுழைவதற்கான டை எனும் அச்சுகளும் வரிசையாக இருக்கும். 20 முதல் 60 வரை இவ்வாறான இணைகள் பொருத்தப்படுவதுண்டு. வேண்டிய வடிவம் அடிக்கும் இடத்திற்கு வரும்வரை தட்டுகள் சுழலும். தகட்டின் விளிம்பைப் பிடிகள் பற்றிக்கொண்டு, அதை முன்னும் பின்னும், இடமும் வலமுமாக நகர்த்தும். தோட்டத்தில் மரம் நிற்கின்றது, கத்தியுடன் நாம் நடக்கின்றோம். இங்கோ கத்தி நிற்கின்றது, தகடு நடக்கின்றது. நிமிடத்திற்கு 300, 500 என அடிகள் விழுவது இப்பொறிகளுக்குச் சாதாரணம்.

இனி, சிறு கணக்கு ஒன்று. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் அருகில் அழைத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டில் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையிட வேண்டும். வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 62.8 மில்லிமீட்டர். அதைக் கனத்தால் பெருக்கினால், வெட்டுப்படும் பரப்பு 125.6 சதுர மில்லிமீட்டர். சாதாரண இரும்பை வெட்டச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 35 கிலோ விசை தேவை எனக் கொண்டால், மொத்தம் ஏறத்தாழ 4.4 டன். 20 டன் பொறிக்கு இது எளிது. ஆனால் 3 மில்லிமீட்டர் தகட்டில் 100 மில்லிமீட்டர் துளையை ஒரே அடியில் இட முயன்றால் 33 டன் வேண்டும். அப்போது சிறிய பஞ்ச்சால் வட்டத்தைச் சுற்றிக் கொத்திக் கொத்தி எடுத்தல் வேண்டும். எதை எவ்வாறு அடிப்பது என்று முடிவு செய்பவர் மனிதரே. கணினி, கூறியதைச் செய்யும்.

மனிதரின் கண் இன்றியமையாத இடம் மற்றொன்றும் உண்டு. அது பஞ்ச்சுக்கும் டைக்கும் இடையே விடும் இடைவெளி. சாதாரண இரும்புக்கு, விட்டத்தில் மொத்த இடைவெளி தகட்டின் கனத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு இருக்கலாம். 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு 0.4 மில்லிமீட்டர், அதாவது 20 மில்லிமீட்டர் பஞ்ச்சுக்கு 20.4 மில்லிமீட்டர் டை. அதே டையை மாற்றாமல் 1 மில்லிமீட்டர் தகட்டை ஓட்டினால் துளையின் விளிம்பில் பிசிறு எழும். இடைவெளி குறைந்தாலோ, பஞ்ச் விரைவில் தேயும். மரம் சீவுபவர்கள் இதனை எளிதில் உணர்வர். கத்தி மழுங்கினால் பட்டை பிய்கின்றது. ஆழம் மிகுந்தால் மரம் காயப்படுகின்றது. கத்தியை எப்போது தீட்ட வேண்டும் என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை, கையறியும். பஞ்ச்சும் அத்தகையதே. முனை மிக மழுங்கிய பின் தீட்டுவதைவிட, அவ்வப்போது சிறிதளவு தீட்டுவதால் அது நெடுநாள் உழைக்கும். பிசிறைப் பார்த்தும், அடியின் ஓசை மாறுவதைக் கேட்டும் இதனை அறியும் தொழிலாளியைப் பட்டறை எளிதில் இழக்க விரும்பாது.

கை உளியின் கீழ்ச் செல்லாததால் ஆபத்து நீங்கிவிட்டதெனக் கருதலாகாது. மேசையும் தகடும் திடீரெனப் பாய்ந்து நகரும். அருகில் நிற்பவரை இடித்துத் தள்ளும். தகட்டின் விளிம்பு கத்திக்கு ஒப்பானது. காவல் வேலியையோ ஒளித் திரையையோ வேலை விரைவுக்காக முடக்கி வைப்பது குற்றமேயன்றிச் சாமர்த்தியமன்று. ஓசையும் கேடு விளைவிக்கும். 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிகளின்படி, ஒரு வேலைநாளின் சராசரி இரைச்சல் 85 டெசிபெலைத் தாண்டலாகாது. விபத்து நேர்ந்தால், முதலாளி அதனை அறிந்த 48 மணி நேரத்திற்குள் சொக்சோவிற்குத் தெரிவித்தல் வேண்டும். காயம் சிறிதென்று எண்ணி மறைத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர்.

லேசர் ஒளியால் தகட்டை வெட்டும் பொறிகள் இன்று பரவியுள்ளமையால், பஞ்ச் பொறியின் வேலையில் ஒரு பகுதியை அவை எடுத்துக்கொண்டன. எனினும் துளைகள் மிகுந்த தகட்டிலும், காற்றுப் பிளவு, புடைப்பு முதலியவற்றைத் தூக்கி அமைப்பதிலும் பஞ்ச்சின் இடம் நீங்கவில்லை. தகடு, கனம், வரைபடம் ஆகியவற்றை அறிந்தவர் எப்பொறிக்கும் மாறிக்கொள்வர்.

இத்தொழிலுக்கு வழி யாது? பாசீர் கூடாங்கில் ஐ.எல்.பி. எனப்படும் தொழிலியல் பயிற்சிக் கழகம் இயங்குகின்றது. வேலையில் இருந்துகொண்டே கற்பதற்கு, 2005ஆம் ஆண்டில் தொடங்கிய எஸ்.எல்.டி.என். எனும் இரட்டைப் பயிற்சி முறை உண்டு. அதில் பயிற்சியின் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே நடைபெறும். எஸ்.கே.எம். சான்றிதழ் மூன்று நிலைகளையும், அதற்கு மேல் டிப்ளோமா நிலைகளையும் கொண்டது. மேலும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள், சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குச் செலுத்த வேண்டியவர்கள். அத்தொகையைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்தல் கூடாது. அது பயிற்சிக்கென உள்ள பணம். ஆகவே நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் பிள்ளை, சம்பளத்தைக் கேட்பதோடு, பஞ்ச்சும் டையும் பொருத்தும் வேலை எத்தனை மாதங்களில் கற்பிக்கப்படும் என்றும் பணிவுடன் கேட்கலாம்.