மாரிக்கேற்ற சப்பாத்து

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களே மாரிக்காலம். ஆண்டு மழையிற் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றினால் இம்மாதங்களிலேயே பொழிகின்றது. அப்போது உடுவில் முதலிய வலிகாமத்து ஊர்களிற் செம்மண் சேறாகிக் காலிற் பசைபோல் ஒட்டும். இவ்வழியே பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் நாள்தோறும் செல்வோர் எத்தகைய சப்பாத்தினைத் தெரிதல் வேண்டும்?

சப்பாத்து முதலிற் பழுதுறும் இடம், மேற்றோலும் அடியும் பொருந்தும் இடமேயாம். பசையினால் மாத்திரம் ஒட்டப்பட்ட அடி, பலகால் நனைந்து உலர்ந்தபின் விட்டுப்போதல் கூடும். நூலால் தைக்கப்பட்ட அடியோ தேய்ந்தாலும் மாற்றத்தக்கது. ஆதலின் கடையிலே பளபளப்பை நோக்குமுன் ஓரத்தை நோக்குக. சிலவற்றில் தையற்கோடு வெறும் அலங்காரமே; நூல் அடியை ஊடுருவிச் செல்கின்றதா என்று பார்த்தல் நன்று. அடியில் ஆழமான வரிகள் இருப்பின் சேற்றில் வழுக்குதல் குறையும்.

பகல் முழுதும் நடந்த கால் மாலையிற் சற்றே வீங்கியிருக்குமாதலால், மாலை வேளையிலே அணிந்து பார்த்து வாங்குவது தக்கது. கறுப்பு அல்லது கபில நிறத்து எளிய வடிவம் எவ்வுடைக்கும் பொருந்தும். செம்மண் கறையும் அதில் எளிதிற் புலப்படாது. வெளிநாட்டிலுள்ள உறவினர் அன்போடு அனுப்பும் பனிக்காலச் சப்பாத்து இங்கு உதவாது. குளிரைத் தடுக்க அதனுள்ளே வைத்த கம்பளி, வெப்ப நாட்டில் வியர்வையைத் தேக்கிக் காலைப் புண்ணாக்கும்.

நனைந்த சப்பாத்தை அடுப்பருகிலோ கடும் வெயிலிலோ வைத்தால் தோல் வெடிக்கும். பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து நிழலிற் காற்றாட விடுதல் வேண்டும். நன்கு உலர ஒருநாளேனும் செல்லும். ஆகையால் இரு சோடிகளை மாறிமாறி அணிவதே முடிவிற் சிக்கனமாகும்.

எனினும், தேங்கிய வெள்ளத்திலும் வயலிலும் தோற்சப்பாத்து காவலாகாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திற் சிலரின் உயிரைக் கவர்ந்த காய்ச்சல், எலிக்காய்ச்சல் என்று உறுதிசெய்யப்பட்டது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி, குதிக்கால் வெடிப்பு வழியாகவும் உடலிற் புகும். அத்தகைய வழியிற் செல்வோர் உயரமான இறப்பர்ச் சப்பாத்தினை அணிந்து, தோற்சப்பாத்தைப் பையில் எடுத்துச்சென்று அலுவலக வாயிலில் மாற்றிக்கொள்ளலாம். இதனைச் சிலர் நாகரிகக் குறைவென எண்ணக்கூடும். காலையும் உயிரையும் காப்பதினும் மேலான நாகரிகம் காலணிக்கு வேறில்லை.