திருப்பூர் டெய்லர் ஜப்பான் போனால்

2025 ஆகஸ்ட் 27 அன்று, இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி நடப்புக்கு வந்தது. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்கு அது பேரிடி. இங்கிருந்து போகும் சரக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான். இரண்டு நாள் கழித்து டோக்கியோவில் இந்தியப் பிரதமரும் ஜப்பான் பிரதமரும் வேறொரு செய்தியை அறிவித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து திறன் பெற்ற 50,000 பேர் ஜப்பானுக்கு வேலைக்குப் போவார்கள் என்பது அவர்கள் அறிவித்த திட்டத்தின் ஒரு பகுதி.

இரண்டு செய்திகளுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் பத்து வருஷம் உட்கார்ந்த ஒருவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இயல்பு. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த ‘குறிப்பிட்ட திறன்’ விசாவில் தையல் தொழில் முதலில் இல்லை. 2024 மார்ச்சில்தான் நூற்பும் நெசவும் தையலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அதுவரை டெய்லர்கள் பெரும்பாலும் தொழில் பழக வரும் ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில்தான் அங்கே போக முடிந்தது.

ஜப்பானுக்கு ஆள் தேவைதான். 2024-இல் அங்கே பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் ஏழு லட்சத்துக்கும் குறைவு. அதே ஆண்டின் முடிவில் அங்கு வசித்த வெளிநாட்டவர் சுமார் 37 லட்சத்து 70 ஆயிரம் பேர். வியட்நாம், சீனா, பிலிப்பைன்ஸ், நேபாளத்துக்காரர்கள் முன்பே கூட்டம் கூட்டமாகப் போய்விட்டார்கள். நம்மவர்கள் தாமதமாகப் போகிறவர்கள். முன்னே போனவர்கள் பட்டதைத் தெரிந்துகொண்டு போகும் வாய்ப்பாவது இதில் இருக்கிறது.

இமாபாரி என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் துண்டு உற்பத்தித் தலைநகர் அது. 2019 ஜூனில் அங்கே வியட்நாம் பெண்கள் பட்ட பாட்டை ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே ஒளிபரப்பியது. நெருக்கடியான தங்குமிடம், முழுக் கூலி கிடைக்காத மிகைநேர வேலை. பெரிய கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தில் நடந்தது இது. ஜாப் ஒர்க் எப்படி நடக்கிறது என்று திருப்பூருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மேலே இருப்பவர் விலையை இறுக்கினால் கீழே கடைசி மெஷினில் இருப்பவர் தலையில்தான் விழும்.

இந்தத் துறையில் விதிமீறல் அதிகம் என்பது ஜப்பான் அரசுக்கே தெரியும். அதனால்தான் புதிய விசாவில் ஜவுளி முதலாளிகளுக்கு மட்டும் கூடுதல் நிபந்தனைகள் விதித்தார்கள். சர்வதேச மனித உரிமை விதிகளுக்கு ஏற்ப நடக்க வேண்டும். வேலை நேரத்தை மின்னணு முறையில் பதிய வேண்டும். மாதச் சம்பளம் தர வேண்டும்.

மாதச் சம்பளம் என்பதே நம் டெய்லருக்கு ஒரு மாற்றம். சனிக்கிழமை சம்பளமும் பீஸ் ரேட்டும்தான் அவருக்குப் பழக்கம். எத்தனை பீஸ், எவ்வளவு ரேட் என்று அவரே கணக்குப் போட்டுவிடுவார். அங்கே கணக்கு வேறு. 2025-இல் ஜப்பான் மாகாணங்களின் குறைந்தபட்சக் கூலிகளில் மிகக் குறைவானது மணிக்கு 1,023 யென். தினம் 8 மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் யென் வரும். நம் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். ஏஜென்ட் சொல்லும் தொகை இதுதான். இதிலிருந்து ஓய்வூதியத்துக்கு 9.15 சதவீதம் போகும். மருத்துவக் காப்பீடு, வருமான வரி, தங்குமிட வாடகை எல்லாம் பிறகு. இரண்டாம் ஆண்டு ஜூனில், முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்து உள்ளாட்சி வரியும் பிடிக்கத் தொடங்குவார்கள். வேலை அதேதான், கைக்கு வருவது குறையும். இதை முன்கூட்டியே சொல்லாததால், முதலாளி ஏமாற்றுகிறார் என்று நினைத்து மனம் உடைகிறவர்கள் உண்டு. கட்டிய ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஜப்பானை விட்டு வந்த இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது மொழி. பேசுவதற்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். தமிழ் பேசுகிறவருக்கு அந்த வாக்கியம் சீக்கிரம் பிடிபடும். தடுமாற வைப்பது எழுத்து. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த கான்ஜி எழுத்துகள் மட்டும் 2,136. விசாவுக்குத் தேவையான தேர்வில் தேறியவர்களுக்கும் சம்பளச் சீட்டையோ ஒப்பந்தத்தையோ வாசிப்பது கடினம். குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். வசிப்பு அட்டையை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும். குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் போடுவது என்பதுவரை எல்லாம் தாளில்தான் வரும். தனியாக வீடு பிடிக்கப் போனால் ஜாமீன்தாரரோ ஜாமீன் நிறுவனமோ கேட்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கவலைப்படுகிறார்கள். சைவர்களுக்குச் சிரமம் உண்டு, சூப்பில்கூட மீன் சாறு இருக்கும். ஆனால் சொந்தமாகச் சமைத்தால் சமாளித்துவிடலாம். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் பருப்பும் மசாலாவும் தாராளம். தையல் கூடங்கள் இருக்கும் கிஃபு, ஒகாயாமா பக்கத்துச் சிற்றூர்களில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

தனிமையும் பயமும்தான் பெரிய பாரம். ‘குறிப்பிட்ட திறன்’ விசாவின் முதல் நிலையில் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது, பொதுவாக ஐந்து ஆண்டுதான் தங்கலாம். இரண்டாம் நிலை விசா தரப்படும் தொழில்களில் அதற்குத் தேறினால்தான் மனைவி அல்லது கணவர், குழந்தைகள் வரலாம். பெண்கள் ஒன்றை அவசியம் தெரிந்துகொண்டு போக வேண்டும். குமாமோட்டோவில் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு வியட்நாம் பயிற்சியாளர், ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து கர்ப்பத்தை மறைத்தார். 2020-இல் அறையில் தனியாகப் பெற்ற இரட்டைக் குழந்தைகள் இறந்தே பிறந்தன. சடலங்களைக் கைவிட்டதாக அவர் மீது வழக்குப் போட்டார்கள். 2023 மார்ச்சில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. கர்ப்பத்துக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதை அவர் மொழியில் அவருக்குப் புரியும்படி யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பெண் அத்தனையும் தனியாகச் சுமந்திருக்க மாட்டார்.

மொழி தெரியாத ஊரில் பயம் எப்படிப் பரவும் என்பதைத் திருப்பூரே பார்த்திருக்கிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. உள்ளூர்ச் செய்தியை வாசிக்க முடியாதவர்கள் செல்போனில் வந்ததை நம்பி ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இங்கே செக்கிங் டேபிளில் தமிழ் தெரியாமல் நிற்கும் பீகார் பையன் என்ன படுகிறானோ, அதைத்தான் ஜப்பானில் நம் டெய்லர் படப்போகிறார். அந்தப் பையனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

போக நினைப்பவர்கள் முதலில் ஏஜென்டைச் சரிபார்க்க வேண்டும். மத்திய அரசில் பதிவு பெற்ற முகவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. ஒப்பந்தம் எந்த விசாவுக்கு என்பது அடுத்த கேள்வி. பயிற்சியாளராகப் போனால் முதலாளி சரியில்லை என்பதற்காக நினைத்தபடி கம்பெனி மாற முடியாது. 2023-இல் மட்டும் 9,753 பயிற்சியாளர்கள் வேலை இடத்திலிருந்து காணாமல் போனார்கள். அதற்கு இந்தக் கட்டு ஒரு முக்கியக் காரணம். அப்படி ஓடினால் அங்கே வசிக்கும் உரிமையே பறிபோகலாம்.

1993-இல் தொடங்கிய இந்தப் பயிற்சித் திட்டத்தை ஜப்பான் கைவிடுகிறது. 2027 ஏப்ரலில் புதிய திட்டம் வருகிறது. அதில் ஓராண்டு அல்லது இரண்டாண்டு வேலை செய்து, திறன் தேர்விலும் மொழித் தேர்விலும் தேறியவர்கள் அதே தொழிலில் வேறு கம்பெனிக்கு மாறலாம். தையல் நம் டெய்லருக்கு வரும். மொழித் தேர்வுக்கு இப்போதிருந்தே படித்தால்தான் அந்த உரிமை அவருக்குப் பயன்படும்.