நின்டெண்டோ வேண்டாம்னு சொன்ன மாரியோ

இன்னைக்கு நாம பேசப்போறது கடைக்கே வராத ஒரு கேம் பத்தி. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3, ஆனா கம்ப்யூட்டர்ல ஓடுற வெர்ஷன். 1990-ல அமெரிக்காவுல லூசியானா மாநிலம், ஷ்ரீவ்போர்ட்ல ஒரு சின்ன டீம் செஞ்ச டெமோ அது.

"மாரியோ கம்ப்யூட்டர்ல ஓடினா என்ன பெரிய விஷயம், என் போன்லயே ஓடுதே"ன்னு நீங்க கேட்கலாம். அன்னைக்கு அது பெரிய விஷயம்தான். மாரியோ ஓட ஓட, பின்னாடி இருக்கிற உலகம் வழுக்கிக்கிட்டே நகரணும் இல்லையா? நின்டெண்டோ பெட்டியில இந்த வேலையைப் பார்க்கவே தனி சிப் இருந்தது. அப்போதைய பிசி ஆபீஸ் வேலைக்காகச் செஞ்ச மெஷின். 320-க்கு 200, அதாவது 64,000 புள்ளி. ஒவ்வொரு அசைவுக்கும் அத்தனையையும் திரும்ப வரைஞ்சா படம் திக்கித் திணறும். அதனாலதான் அந்தக் காலத்து பிசி கேம்ல ஹீரோ ஸ்கிரீன் ஓரத்துக்குப் போனதும் சட்டுனு அடுத்த ஸ்கிரீன் வரும்.

சாஃப்ட்டிஸ்க்ங்கிற கம்பெனியில வேலை பார்த்த ஜான் கார்மேக் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். கிராஃபிக்ஸ் கார்டோட மெமரியில, ஸ்கிரீன்ல தெரியறதைவிட பெரிய படத்தை வைக்க இடம் இருந்தது. பெரிய படம், சின்ன ஜன்னல்னு வெச்சுக்கோங்க. படத்தைத் தொடாம ஜன்னலை மட்டும் நகர்த்தினா, 16 புள்ளி வரைக்கும் ஸ்மூத்தா போகலாம். அதுக்கப்புறம் ஜன்னலைப் பழைய இடத்துக்கு இழுத்துட்டு, படத்தை ஒரு கட்டம் தள்ளி வரையணும். இங்கதான் சூட்சுமம். நீல வானத்துக்குப் பக்கத்துல இருக்கிறதும் நீல வானம்தானே? அதை ஏன் திரும்ப வரையணும்? மாறின கட்டத்தை மட்டும் வரைஞ்சா போதும். அடாப்டிவ் டைல் ரெஃப்ரெஷ்னு இதுக்குப் பேர்.

1990 செப்டம்பர்ல ஒரே ராத்திரியில கார்மேக்கும் டாம் ஹாலும் சேர்ந்து மாரியோ 3-இன் முதல் லெவலை அப்படியே பிசியில கொண்டுவந்தாங்க. ஹீரோ மட்டும் மாரியோ இல்லை. கூட வேலை பார்த்த ஜான் ரொமேரோவோட பழைய கேம்ல வர்ற டேஞ்சரஸ் டேவ். 'காப்பிரைட் மீறலில் டேஞ்சரஸ் டேவ்'னு பேர் வேற வெச்சாங்க, குசும்பைப் பாருங்க! காலையில அதைப் பார்த்த ரொமேரோவுக்கு, இதுல ஒரு கம்பெனியே தொடங்கலாம்னு தோணிடுச்சு. ஆபீஸ் கம்ப்யூட்டரையே கார்ல ஏத்தி வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு வாரத்துக்குள்ள நிஜ மாரியோவை வெச்சு முழு டெமோ செஞ்சு நின்டெண்டோவுக்கு அனுப்பினாங்க. பதில்: நல்லா இருக்கு, ஆனா பிசி பக்கம் வர்ற எண்ணம் எங்களுக்கு இல்லை.

அதே டெக்னிக்கை எடுத்துக்கிட்டு, சொந்தக் கதாபாத்திரத்தோட கமாண்டர் கீன் செஞ்சாங்க. 1990 டிசம்பர் 14-ல வெளிவந்தது. அடுத்த வருஷம் ஐடி சாஃப்ட்வேர். 1993-ல டூம். நின்டெண்டோ சரின்னு சொல்லியிருந்தா இவங்க மாரியோவுக்கு கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கிட்டே இருந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

சரி, அந்த டெமோ என்ன ஆச்சு? ரொம்ப வருஷம் அது வெறும் கதைதான். 2015 டிசம்பர்ல ரொமேரோ ஒரு வீடியோ போட்டார். ஆனா வீடியோவுல நாம ஜம்ப் பட்டனை அழுத்திப் பார்க்க முடியாதே! 2021-லதான் நியூயார்க் மாநிலம், ராச்செஸ்டர்ல இருக்கிற ஸ்ட்ராங் மியூசியத்துக்கு ஒரு ஃப்ளாப்பி கிடைச்சது. கேம் துறையில இருந்த ஒருத்தர்கிட்ட வேலை சம்பந்தமா வந்து சேர்ந்த காப்பி அது. முப்பது வருஷப் பழைய ஃப்ளாப்பி. காந்தப் பூச்சு கெட்டுப்போயிருந்தா கதை முடிஞ்சிருக்கும். நல்லவேளை, டேட்டாவை வெளியே எடுத்து டாஸ்பாக்ஸ்ல ஓட்டிட்டாங்க.

ஆனா அதைப் பொதுவுல வெளியிடுற திட்டம் இல்லைன்னு மியூசியம் அப்பவே சொல்லிடுச்சு. மாரியோ நின்டெண்டோவோட சொத்து, அதனால அவங்க தயக்கம் புரியுது. இருந்தாலும் ஒரே ஒரு இடத்துல பூட்டி வெச்சிருக்கிற சாஃப்ட்வேரை 'பத்திரமா இருக்கு'ன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

அந்த ஸ்க்ரோலிங்கை நீங்களே ஓட்டிப் பார்க்கணுமா? கமாண்டர் கீன் முதல் எபிசோட் அப்பவே ஷேர்வேரா இலவசமா கொடுத்தது; டாஸ்பாக்ஸ்ல ஓடும். விளையாடும்போது வானத்தைக் கொஞ்சம் கவனிங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.