உங்களுக்குத் தெரியுமா? தலைக்குக் ‘கரண்டு’ வைக்கும் நேரம்

● தஞ்சாவூர்ப் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பெயர் ‘கரண்டு வைக்கிறது’. மூளையில் கட்டி என்றால், “தலைக்குக் கரண்டு வைக்கணும்னு சொல்லிட்டாங்க” என்பார்கள். உடம்பில் மின்சாரம் ஏறுவதே இல்லை. பாய்வது எக்ஸ்ரேயின் பலசாலி அண்ணன். பாயும்போது வலியும் தெரியாது.

● முதல் வேலை முகமூடி. ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகட்டை 70 டிகிரி வெந்நீரில் போட்டால் நனைந்த அப்பளமாய்த் துவளும். அதை முகத்தின் மேல் இழுத்து மேசையோடு பூட்டினால், சில நிமிடத்தில் மூக்கும் தாடையும் அச்சாக இறுகிவிடும். தினமும் அதற்குள்தான் படுக்க வேண்டும். ஐந்து நிமிடம் என்றால் தாங்கலாம். நாற்பது நிமிடம் என்றால் தோள் தானாக நெளியும். மில்லிமீட்டர் கணக்கில் போட்ட பிளான் அந்த நெளிவில் கெடும். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே பாதிதான் செல்லும்.

● கதிர் பாய்ச்சும் மெஷினான லீனியர் ஆக்சிலரேட்டர் தலையை ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய ஒரு நிமிடம். மேசையைத் திருப்பித் திருப்பி மூன்று, நான்கு சுற்று விட்டால், கட்டியைத் தாண்டியதும் கதிரின் அளவு சட்டென்று இறங்கும். பக்கத்து மூளை பிழைக்கும். ஆனால் பல மெஷின்களில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஆள் உள்ளே வந்து, மேசையைத் திருப்பி, கனத்த கதவைச் சாத்திவிட்டுப் போகவேண்டும். நான்காவது சுற்று பார்வை நரம்பை நிஜமாகவே காக்கிறதா, கம்ப்யூட்டர் படத்தை அழகாக்குவதோடு சரியா? பிளான் போடும் மருத்துவ இயற்பியலருக்குத் தலைவலி இதுதான். வெளியே பெஞ்சில் அடுத்தவர் காத்திருக்கிறார்.

● காமா கத்தியில் கத்தியே கிடையாது! மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1968இல் ஸ்டாக்ஹோமில் பயன்படுத்தத் தொடங்கிய கருவி அது. ஏறத்தாழ 200 கோபால்ட் துண்டுகளின் கதிர்கள் ஒரே புள்ளியில் குவியும். கோபால்ட்-60 சுமார் 5.27 ஆண்டில் பாதி பலம் இழக்கும். புதிதில் 20 நிமிடம் பிடித்த அதே சிகிச்சைக்கு அதன்பின் 40 நிமிடம். இழந்த பலத்தைக் கூட்ட வழி இல்லை, துண்டுகளை மாற்றத்தான் வேண்டும். இப்போதைய மென்பொருளிலோ, நேரத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை டாக்டரே கூட்டிக் குறைக்கலாம்.



● மூளை முழுவதற்கும் கதிர் கொடுக்கும்போது, நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸை மட்டும் ஒதுக்கிவிட முடியும். மறதி குறைகிறது என்று 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதற்குப் பிளான் போட நாள் பிடிக்கும். இரு பக்கமும் நேராகக் கொடுக்கும் பழைய முறையை அன்றைக்கே தொடங்கலாம். வீக்கத்தால் துடிக்கிறவருக்கு நான் பழையதையே கேட்பேன்.

● கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டிக்கு வழக்கம் ஆறு வாரம், 30 தடவை, மொத்தம் 60 கிரே (கதிர் அளவின் அலகு). அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மூன்று வாரத்தில் 15 தடவையாக 40 கிரே கொடுத்துப் பார்த்தார்கள் கனடாவில். 2004இல் வந்த முடிவு: ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. இளையவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் முதியவருக்கு அலைச்சல் பாதியாகும்: வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தினமும் போய்வந்தால் அறுபது பஸ் பயணம் முப்பதாகிறது. துணைக்கு வரும் மகன் குறுவை அறுப்புக்குள் வயலுக்குத் திரும்பிவிடுவான்.